கிளவுடில் இடம் இருக்கு, ஆனா எழுத முடியல

"கிளவுடுன்னா அன்லிமிடெட் தானே? காசு கட்டினா எவ்வளவு வேணா போட்டுக்கலாம் இல்ல?"

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் ஷூ கம்பெனிகளுக்கும் டேனரிகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. முதல் பாதிக்கு பதில் "ஏறக்குறைய ஆமாம்". இரண்டாவது பாதிக்குத்தான் ஒரு கட்டுரை தேவைப்படுகிறது.

அமேசானின் ஈ.எஃப்.எஸ். என்கிற கோப்புச் சேமிப்புச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் சர்வர்கள் பலவும் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யக்கூடிய பொது ஃபோல்டர் அது. 2016 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் மொத்த அளவுக்கு உச்சவரம்பு கிடையாது. இத்தனை ஜிபி என்று முன்கூட்டி வாங்கவும் வேண்டாம். போடப் போட வளரும், எடுத்தால் சுருங்கும். ஆளுக்கு இத்தனை ஜிபி என்று கோட்டா பிரித்துக் கொடுக்கிற வசதியும் அதில் இல்லை.

அப்படிப்பட்ட சேவையில் ஒருநாள் ஒரு சாதாரண கட்டளை தோற்றுப்போய் திரையில் இப்படி வரும்: "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்". கோட்டாவே இல்லாத இடத்தில் கோட்டா தீர்ந்துவிட்டது என்கிறது!

முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் செய்வது ஒன்றுதான். பழைய ஃபைல்களை அழிக்க ஆரம்பிப்பார்கள். நானும் அழித்திருக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இருக்காது, ஏன் என்றால் இடம் தீரவே இல்லை. தீர்ந்தது வேறு. ஒரு சர்வரிலிருந்து ஒரே நேரத்தில் 128 பயனர் கணக்குகளுக்கு மேல் ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் 65,536 ஃபைல்களுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. பூட்டுகளுக்கும், அதாவது லாக்குகளுக்கும், வரம்பு உண்டு. இதில் எது மீறினாலும் லினக்ஸுக்குத் திருப்பி அனுப்ப ஒரு பிழை எண் வேண்டும். இருக்கிற எண்களில் பொருத்தமாகத் தெரிந்தது 122, அதாவது பழைய டிஸ்க் கோட்டா பிழை. அதை அனுப்பிவிடுகிறார்கள். சொல் பழசு, காரணம் புதுசு.

இந்தப் பழைய சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மற்ற வரம்புகளும் புரியும்.

1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸில்தான் டிஸ்க் கோட்டா பரவலாக வந்தது. எழுதியவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ். ஒரே கம்ப்யூட்டரை எக்கச்சக்கமான மாணவர்கள் பகிர்ந்துகொண்ட காலம். ஒருத்தன் டிஸ்க்கை நிரப்பிவிட்டால் மற்றவன் அசைன்மென்ட்டை சேமிக்க முடியாது. எல்ஸ் செய்த ஏற்பாடு இன்றைக்கும் லினக்ஸில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடுகள். முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும் வரும், குறைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும் (இப்போது வழக்கமாக 7 நாள்). இரண்டாவது கோட்டை எந்த நேரத்திலும் தாண்ட முடியாது. முதலாவது மென்வரம்பு, இரண்டாவது வன்வரம்பு.

இதில் பலரும் மறந்துவிடுகிற இன்னொரு விஷயம், கோட்டா இரண்டு பொருள்களுக்குத் தனித்தனியாக உண்டு. எத்தனை பைட் என்பது ஒன்று. எத்தனை ஃபைல் என்பது இன்னொன்று. ஒவ்வொரு ஃபைலுக்கும் அது யாருடையது, எப்போது மாறியது, வட்டில் எங்கே கிடக்கிறது என்று எழுதி வைக்கிற ஒரு சீட்டு வேண்டும். ஐநோடு என்று பெயர். சாதாரண லினக்ஸ் டிஸ்க்கில் அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். கோடிக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களைப் போட்டால் சீட்டு தீர்ந்துவிடும், டிஸ்க்கில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அப்போதும் திரையில் "இடம் இல்லை" என்றே வரும். `டிஎஃப்` கட்டளையோடு `ஐ` என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டிப் பார்க்காதவரை காரணம் தெரியாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023-ன் தொடக்கத்தில் கூகுள் டிரைவில் இதேதான் நடந்தது. ஒரு கணக்கில் 50 லட்சம் ஃபைல்களுக்கு மேல் உருவாக்கக் கூடாது என்று சத்தமில்லாமல் ஒரு வரம்பு வைத்தார்கள். முன்னறிவிப்பு இல்லை. 2 டிபிக்குப் பணம் கட்டி, அதில் பெரும்பகுதி காலியாக இருந்தவர்களுக்கும் புது ஃபைல் போட முடியவில்லை. மார்ச் கடைசியில் இது செய்தியானது, ஏப்ரல் முதல் வாரத்தில் கூகுள் அந்த வரம்பை எடுத்துவிட்டது.

நம்ம ஊர்க் கணக்கில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு ஷூ கம்பெனி ஒவ்வொரு தோலையும் தரம் பிரிக்கும்போது படம் எடுக்கிறது, ஒவ்வொரு ஜோடியையும் பெட்டியில் போடுமுன் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிதாக்கிய படம் ஒன்று 40 கேபி. 50 லட்சம் படங்கள் சேர்ந்தால் 200 ஜிபி. 2 டிபி திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு! பில்லில் தெரிகிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று தோன்றும். முட்டுவது பில்லில் எழுதாத எண்ணில்.

பில்லில் எழுதாத எண் என்றால் என்ன என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. டேனரி நடத்துகிறவர்கள் கிளவுட் வருவதற்கு முன்பே கோட்டாவோடு வாழ்ந்தவர்கள்.

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அது உப்போடும் குரோமியத்தோடும் வெளியே வரும். ஒவ்வொரு டேனரியும் தனியாகச் சுத்தம் செய்ய வசதி இருக்காது, அதனால் பல டேனரிகள் சேர்ந்து ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும். சுத்தம் செய்யாத காலத்தின் விளைவை உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

பொது நிலையம் என்பதால் பங்கு பிரிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கிற இசைவாணையில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ லிட்டர் என்று எழுதியிருக்கும். அது கோட்டா. விண்ணப்பித்து, காரணம் காட்டி, கட்டணம் கட்டி உயர்த்திக் கேட்கலாம். ஆனால் நிலையத்தில் தண்ணீரை ஆவியாக்குகிற இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆவியாக்கும் என்பது எந்த விண்ணப்பத்தாலும் மாறாது. கழிவைச் சேர்த்து வைக்கிற தொட்டி எவ்வளவு தாங்கும் என்பதும் மாறாது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். இதை ஒரு கம்ப்யூட்டர் கட்டுரைக்கு உவமையாகப் பயன்படுத்த எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சிமெண்ட் தொட்டி "போதும்" என்று சொல்லாது. உள்ளே போகிறதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், கடைசி வரை. மென்பொருளில் வரம்பு வைக்கிறவர்களின் வேலையே சுவருக்கு ரொம்ப முன்னாடி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் "முடியாது" என்று சொல்ல வைப்பதுதான். அந்தப் பிழைச் செய்தி நமக்கு எரிச்சல். அது வராமல் இருந்திருந்தால் அதே வட்டில் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தருடைய வேலை நின்றிருக்கும்.

சரி, கிளவுடுக்குத் திரும்புவோம். இந்த இரண்டு வகை, அதாவது கேட்டால் உயர்த்துகிறது, கேட்டாலும் உயராதது, அப்படியே அங்கே உண்டு. ஈ.எஃப்.எஸ்.ஸில் ஒரு கணக்குக்கு ஒரு பிராந்தியத்தில் 1,000 கோப்பு முறைமைகள் வரை வைக்கலாம். இது கேட்டால் உயரும். எஸ்3 சேவையில் பக்கெட் எண்ணிக்கை ரொம்ப வருஷமாக 100 என்று இருந்தது, 2024 நவம்பரில் 10,000 ஆக்கினார்கள், கேட்டால் 10 லட்சம் வரை போகலாம். இதெல்லாம் இசைவாணை வகை.

ஈ.எஃப்.எஸ்.ஸில் ஒரு தனி ஃபைல் 47.9 டிபிக்கு மேல் வளர முடியாது. ஒரு ஃபைலுக்கு 177 ஹார்டு லிங்க்குகளுக்கு மேல் போட முடியாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் 1,000 அடுக்கு. ஒரு ஃபைல் மேல் எல்லா சர்வர்களும் சேர்ந்து 512 பூட்டு. இதெல்லாம் தொட்டிச் சுவர் வகை. எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும் மாற்ற மாட்டார்கள், ஏன் என்றால் உள்ளே தகவலை அடுக்கி வைத்திருக்கிற விதமே அப்படி. (177 என்கிற விசித்திரமான எண்ணைப் பார்த்து நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். ஒரு உருண்டை எண் இல்லை என்றாலே யாரும் உட்கார்ந்து முடிவு செய்த எண் இல்லை, ஏதோ ஒரு பெட்டியில் எத்தனை அடங்கியதோ அதுதான் என்று எடுத்துக்கொள்வேன்.)

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதுதான் நிறைய பேரைக் கவிழ்க்கிறது: வேக வரம்பு. எவ்வளவு வைக்கலாம் என்பதைச் சொல்லாது, ஒரு நொடிக்கு எவ்வளவு போக வரலாம் என்பதைச் சொல்லும்.

ஈ.எஃப்.எஸ்.ஸில் பர்ஸ்டிங் என்று ஒரு முறை உண்டு. அதில் நீங்கள் வைத்திருக்கிற அளவுக்கு ஏற்றபடி வேகம். ஒவ்வொரு ஜிபிக்கும் நொடிக்கு 50 கேபி எழுதுகிற வேகம். 1 டிபி வைத்திருந்தால் நொடிக்கு 50 எம்பி. இதுதான் அடிப்படை வேகம். ஆனால் எப்போதும் யாரும் வேலை செய்துகொண்டிருப்பதில்லையே? சும்மா இருக்கிற நேரத்தில் உங்கள் பங்கு வீணாகாமல் வரவு வைக்கப்படும். வரவு இருக்கிறவரை சின்னக் கோப்பு முறைமையும் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடலாம். படிப்பதற்குச் சலுகை உண்டு, மூன்று பங்கு படித்தால் ஒரு பங்குதான் செலவுக் கணக்கு. புதிதாக ஆரம்பிக்கும்போது 2.1 டிபி வரவை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த முன்பணம்தான் பொறி. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஆம்பூரில் ஒரு கம்பெனி. தோல் படங்கள் மொத்தம் 20 ஜிபி. புதுப் படம் வந்தால் பழைய படங்களோடு ஒப்பிட்டு இதே தோல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிற ஒரு நிரல், 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாப் படங்களையும் படிக்கிறது. ஷிஃப்ட் 10 மணி நேரம், ஆக ஒரு நாளைக்கு 30 தடவை. 30 முறை 20 ஜிபி என்றால் 600 ஜிபி படிப்பு. மூன்றில் ஒரு பங்கு என்பதால் செலவு 200 ஜிபி.

வரவு? 20 ஜிபிக்கு நொடிக்கு 1,000 கேபி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஏறக்குறைய 82 ஜிபி. (1,024-ஆல் வகுக்கிற ஜிபி இது.)

ஆக வேலை நாள் ஒவ்வொன்றிலும் 118 ஜிபி துண்டு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு 82 ஜிபி திரும்பிச் சேரும். வாரத்துக்கு நிகர நஷ்டம் 626 ஜிபி. கையில் இருந்த முன்பணம் 2,150 ஜிபி. திங்கட்கிழமை ஆரம்பித்தால் மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இருக்காது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு நிமிஷம் சொச்சத்தில் முடியும். டெமோ அருமையாக இருந்திருக்கும், வேலையை முடித்துக் கொடுத்து பில்லும் வாங்கியிருப்பீர்கள். நாலாவது வாரம் புதன்கிழமை வரவு தீரும்.

தீர்ந்ததும் பிழைச் செய்தி எதுவும் வராது. வேகம் அடிப்படைக்கு இறங்கும், அவ்வளவுதான். படிக்கும் வேகம் நொடிக்கு 3 எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. 20 ஜிபியைப் படிக்க ஏறக்குறைய 2 மணி நேரம். ஆனால் நிரல் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கிளம்பிக்கொண்டே இருக்கும். முதல் ஓட்டம் முடிவதற்குள் ஐந்து ஓட்டம் வரிசையில் நிற்கும். எல்லாம் அதே 3 எம்பியைப் பிய்த்துக்கொள்ளும். திறந்த ஃபைல்கள் பெருகும், பூட்டுகள் பெருகும். பிறகு ஒரு கட்டத்தில், நாம் ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்" எட்டிப் பார்க்கும். கன்டெய்னர் ஏற்ற வேண்டிய வாரத்தில் பேக்கிங் லிஸ்ட் வராமல் தொழிற்சாலையே நிற்கும். அந்த நேரத்தில் யாராவது "டிஸ்க் ஃபுல் போலிருக்கு" என்று பழைய படங்களை அழித்தால்? அளவு குறையும். அளவு குறைந்தால் அடிப்படை வேகமும் குறையும். பிரச்சினை தீராது.

இதே பொறியின் இன்னொரு கதவு, சிக்கனம். 30 நாள் தொடாத ஃபைல்களை விலை குறைந்த அடுக்குக்குத் தானாக மாற்றுகிற வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் பர்ஸ்டிங் முறையில் வேகத்தைக் கணக்கிடும்போது விலை கூடின அடுக்கில் இருக்கிற அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக மாசம் கொஞ்சம் டாலர் மிச்சம் பிடித்த கையோடு வேகமும் போய்விடும். எந்தத் திரையிலும் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்ட மாட்டார்கள்.

இதற்கு நம்மாளுங்க உலகம் முழுக்க ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பூஜ்யங்களை மட்டும் நிரப்பி 1 டிபிக்கு ஒரு வெத்து ஃபைல் உருவாக்கி அதே ஃபோல்டரில் போட்டுவிடுவது. அளவு கூடும், வேகம் கூடும். ஒன்றுமே இல்லாத ஒரு ஃபைலுக்கு மாசம் 300 டாலருக்கு மேல் வாடகை. சிரிப்பு வரும், ஆனால் அது வேலை செய்தது. பிறகு 2018-ல் வேகத்தைத் தனியாக விலைக்கு வாங்கும் முறை வந்தது. 2022 நவம்பரில் எலாஸ்டிக் முறை வந்தது, அதில் வரவு செலவுத் தொல்லை இல்லை, எவ்வளவு பாய்கிறதோ அவ்வளவுக்குக் காசு. இன்றைக்குப் புதிதாக உருவாக்கினால் அதுதான் தானாக வரும். பழையவற்றில் பல இன்னும் பர்ஸ்டிங்கில் ஓடுகின்றன. நம் நிரலை எலாஸ்டிக்கில் போட்டால் வேகம் குறையாது. மாறாக, நாளொன்றுக்கு 600 ஜிபி படிப்புக்குப் பில் வரும். தவறு நிரலில்தான் இருக்கிறது: 20 ஜிபியையும் திரும்பத் திரும்பப் படிக்காமல், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன அடையாள எண் கணக்கிட்டு ஒரு டேட்டாபேஸில் வைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. வேக வரம்பில் முட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மாதிரிதான் என்பது என் அனுபவம்.

இப்போது தமிழர்களுக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒரு வரம்பு. ஃபைல் பெயர்.

லினக்ஸிலும் ஈ.எஃப்.எஸ்.ஸிலும் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். கவனியுங்கள், 255 எழுத்து கிடையாது, 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதுவும் நாம் ஒரு எழுத்து என்று நினைப்பது கம்ப்யூட்டருக்குப் பல சமயம் இரண்டு குறியீடு. "கி" என்றால் "க" ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். புள்ளி வைத்த "ம்" 6 பைட். "ஆம்பூர்" என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் எழுதினால் 5 பைட், தமிழில் 21 பைட். "வாணியம்பாடி" 33 பைட். இந்தப் பெயரை ஏழு தடவை எழுதலாம், எட்டாவது தடவைக்கு இடம் இல்லை.

விண்டோஸில் இந்தப் பிரச்சினை தெரியாது. அங்கே என்.டி.எஃப்.எஸ். வேறு விதமாக எண்ணுகிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் ஒன்றாகவே எண்ணி 255 வரை விடும். அதனால் ஆபீஸில் யாராவது "வாணியம்பாடி யூனிட் ஜனவரி மாத ஏற்றுமதி ஆய்வு அறிக்கை திருத்தியது இறுதி உண்மையான இறுதி உண்மையிலேயே இறுதி" என்று பெயர் வைத்தால் (வைப்பார்கள்!) விண்டோஸில் சிரமமில்லாமல் உட்காரும். லினக்ஸ் சர்வருக்குக் காப்பி செய்யும்போது "ஃபைல் நேம் டூ லாங்" என்று நிற்கும், அல்லது சில காப்பி நிரல்கள் அந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடித்துவிடும். லாக் ஃபைலின் நடுவில் ஒரு வரி. யார் படிக்கிறார்கள்? எஸ்3-யில் ஃபோல்டர் பாதையும் சேர்த்து மொத்தப் பெயர் 1,024 பைட்டுக்குள். தமிழில் 341 குறியீடு. வருஷம், யூனிட், வாடிக்கையாளர், மாடல் என்று நாலைந்து அடுக்கு தமிழிலேயே பெயர் வைத்தால் அதுவும் எட்டிவிடக்கூடிய தூரம்தான்.

ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிறவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. தோலில் குரோமியம்-6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். அந்தச் சோதனை அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது காட்ட வேண்டும். பேக்கப்பில் விடுபட்ட ஒரு ஃபைல் அந்த அறிக்கையாக இருந்தால், விஷயம் தெரிய வருவது வாடிக்கையாளர் கேட்கிற அன்றைக்குத்தான்.

"அன்லிமிடெட்" என்று விளம்பரமே செய்தவர்கள் கதை என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் வரம்பில்லா இடம் கொடுத்து 2015 நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டது. சிலர் 75 டிபிக்கு மேல், அதாவது சராசரியைப் போல 14,000 மடங்கு, ஏற்றியிருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். கூகுள் போட்டோஸின் இலவச வரம்பின்மை 2021 ஜூன் 1-ல் முடிந்தது. கல்லூரிகளுக்குக் கொடுத்திருந்த எல்லையற்ற இடத்தையும் மாற்றுவதாக கூகுள் 2021-ல் அறிவித்து, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி என்று ஆக்கியது. பத்தாயிரம் பேர் உள்ள காலேஜுக்கு ஆளுக்கு 10 ஜிபி வருகிறது, இலவச ஜிமெயில் கணக்கின் 15 ஜிபியை விடக் குறைவு. டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. கிரிப்டோ காசு தோண்டுகிறவர்களும், இடத்தைச் சேர்த்து மறுவிற்பனை செய்கிறவர்களும் புகுந்துவிட்டார்கள் என்றது.

நான் இதில் கம்பெனிகளை ரொம்பத் திட்ட மாட்டேன். சராசரி ஆள் கொஞ்சம்தான் பயன்படுத்துவான் என்கிற கணக்கில் விலை போடுகிறார்கள், ஒரு சிலர் அந்தக் கணக்கை உடைக்கிறார்கள், கடைசியில் கோடு எல்லோருக்கும் விழுகிறது. என் கோபம் கூகுள் டிரைவின் 50 லட்சம் போன்ற விஷயங்களில்தான். கோடு போடுவதில் தப்பில்லை, போட்டதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. 1983-லேயே எச்சரிக்கையும் அவகாசமும் கொடுக்கத் தெரிந்திருந்தது.

நடைமுறையில் நான் செய்வது கொஞ்சம்தான். புது சேவை எதையும் எடுப்பதற்கு முன் அதன் வரம்புப் பட்டியல் பக்கத்தை முழுசாகப் படிப்பேன், விலைப் பக்கத்தை அப்புறம். உயர்த்தக்கூடிய வரம்புகளுக்குக் கோரிக்கை வைத்தால் உடனே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், சில சமயம் மனிதர் யாராவது பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள், நாள் ஆகும். ஏற்றுமதி நெருக்கடி வாரத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. அமேசானில் 2019 முதல் பல வரம்புகள் சர்வீஸ் கோட்டாஸ் என்ற ஒரே இடத்தில் தெரிகின்றன, அவற்றில் சிலவற்றுக்கு 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை அனுப்பச் சொல்லி வைக்கலாம். பர்ஸ்டிங்கில் ஓடுகிற ஈ.எஃப்.எஸ். இருந்தால் வரவு இருப்பைக் காட்டுகிற எண்ணை கிளவுட்வாட்ச்சில் ஒரு வரைபடமாகப் போட்டு வையுங்கள். தினமும் காலையில் அது முந்தின நாளை விடக் கீழே இருக்கிறது என்றால் பிரச்சினை வரப்போகிற தேதியைப் பென்சிலில் கணக்கு போட்டே சொல்லிவிடலாம், மேலே நாம் போட்ட மாதிரி.

தமிழ்ப் பெயர் விஷயத்துக்கு ஒரு சின்ன நிரல் போதும். இருக்கிற ஃபோல்டர் முழுக்க நடந்து ஒவ்வொரு பெயரின் பைட் நீளத்தையும் அளந்து, 200-ஐத் தாண்டியதை மட்டும் பட்டியல் போடச் சொல்லுங்கள். பைத்தானில் பத்து வரிக்குள் முடியும். எழுத்து எண்ணிக்கையைக் கேட்காமல், யூடிஎஃப்-8 ஆக மாற்றிய பிறகு நீளத்தைக் கேளுங்கள். சர்வருக்கு மாற்றுவதற்கு முந்தின வாரமே ஓட்டிப் பாருங்கள். பெயரைச் சுருக்கச் சொல்லி அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் பேசி ஒப்புக்கொள்ள வைக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.